உயிருடன்: ஒன்று

ஆரம்பாக்கம் எடைமேடையில் இரவுப்பணி.
ஐப்பசி முதல் மழை விட்டதும்
விளக்கைச் சுற்றி ஈசல்.
லாரி ஏறும் இரும்புத்தட்டில், கணினித் திரையில்,
என் டீயில், டிரைவர் மஸ்தானய்யாவின் காதில்.
"ஏமய்யா, ஒரு கதவு போட்டா என்ன?" என்கிறார்.
இருபத்தாறு டன் நானூற்றுப் பத்து கிலோ.
பூச்சிகளின் எடையைக் கழிக்கவில்லை.

பூச்சி இல்லாத இடத்தில் இருந்திருக்கிறேன்.
பதினான்கு மாதம்.
ஜெனரேட்டர் மெக்கானிக் என்று எடுத்தார்கள்,
உலகத்தின் அடித்தட்டில் பனிக்கு நடுவே ஒரு நிலையத்துக்கு.
கொசு இல்லை. எறும்பு இல்லை.
சர்க்கரையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கலாம்.
சொர்க்கம் என்று எழுதினேன் முதல் வாரம்.
மூன்றாம் மாதம் ட்யூப்லைட்டடியில் நின்று
எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.
செத்த பூச்சி ஒன்றுகூடத் தேங்காத விளக்கு
விளக்கு மாதிரியே இல்லை.

"இந்தக் கண்டத்துக்கே சொந்தமாக ஒரு பூச்சி உண்டு" என்றார்
டாக்டர் லைஷ்ராம், கேரம் காய் தட்டியபடி.
"இங்கே இல்லை. எதிர்ப்பக்கம், வாலாக நீளும் நிலத்தில்.
எள்ளளவு. கறுப்பு. கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம்.
சிறகு கிடையாது."
"ஏன்?"
"பறந்தால் காற்று கடலில் போட்டுவிடாதா?"

சிறகு முளைத்தது சாகத்தான் என்போம் ஈசலை.
சாகாமலிருக்கச் சிறகை விட்டிருக்கிறது அது.

மீதியும் சொன்னார்.
இரண்டு வருஷம் புழுவாய், பாசிக்கடியில்,
பென்குயின் எச்சம் ஊறிய மண்ணில்,
உறைந்து, இளகி, மறுபடி உறைந்து.
மிஞ்சினால் உடம்புத் தண்ணீரைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டுச்
சுண்டைக்காய் வற்றலாய்க் கிடக்கும்.
ஈரம் பட்டால் எழும்.
எழுந்து முதிர்ந்தபின் ஏறக்குறையப் பத்து நாள்.
வடகோடியிலோ ஒரு கம்பளிப்புழு
கோடையில் சில வாரம் தின்பதும்
மீதி மாதமெல்லாம் உறைவதுமாய்
ஏழு குளிர்காலம் தள்ளுமாம் அந்துப்பூச்சி ஆவதற்கு.
எங்கள் கம்பெனியில் தற்காலிகம் நிரந்தரமாவது போல, என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை. அவரும் ஒப்பந்தம்தான்.

ஜூலை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சமையலறையிலிருந்து குர்மீத் கத்தினான்.
பிரித்த மூட்டையில் தெலுங்கு எழுத்து,
சூளூர்ப்பேட்டை மில் முத்திரை.
என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி.
அரிசிமேல் ஒரு கூன்வண்டு நடந்தது.

பதினொரு பேரும் வந்து நின்றோம்.
யாரோ டார்ச் பிடித்தான்.
அது மூக்கைத் தூக்கியது.
எளாவூர் சோதனைச்சாவடி, துறைமுகம்,
கப்பல், ஹெலிகாப்டர்
ஒருத்தனும் மறிக்கவில்லை அதை.
இன்னொரு பூச்சி எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் என்று
கணக்குப் போட்ட வானிலைக்காரன்
பாதியில் பென்சிலை வைத்துவிட்டான்.

வெளியுயிர் எதுவும் அங்கே தங்கக்கூடாது.
சரியான விதிதான்.
எள்ளளவு ஜீவன்கள் பிடித்துவைத்த இடத்தில்
நம் ஊர் வாய்களை இறக்கிவிடக் கூடாது.
மூட்டையைக் கட்டி வெளியே உறையப் போட்டோம்.
ஸ்டோர் பதிவேடு என் பொறுப்பு.
'அரிசி, ஐம்பது கிலோ, கழிவு.
பூச்சி, உயிருடன்: ஒன்று.'
அடுத்த கட்டம் கேட்டது: அழித்த நேரம்.
சாராயக் குப்பியைத் திறந்து நீட்டிய டாக்டர்
"நீயே போடு, உன் ஊர்க்காரன்" என்றார்.

மூன்று பதினேழு என்று எழுதியிருக்கிறேன்.
போட்டபோது மணி நான்கு.
இடையில் அது என் உள்ளங்கையில்
ரேகைகளில் இறங்கி ஏறி
அரிசியைத் தேடிக்கொண்டிருந்தது.

விடிகிறது. பெஞ்சலம்மா மேடையைக் கூட்டுகிறாள்.
சிறகு மட்டும் முக்கால் வாளி.
"எத்தனை இருக்கும்?" என்கிறேன்.
"உனக்கென்ன பைத்தியமா?" என்கிறாள்.

அடுத்த லாரி. சூளூர்ப்பேட்டை அரிசி.
டிரைவர் நீட்டிய சீட்டின்மேல் கூன்வண்டு ஒன்று,
வண்டி எண்ணைத் தாண்டி, எடையைத் தாண்டி,
கையெழுத்துப் பக்கமாகப் போகிறது.
சீலைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.